படிக்கு விழுந்த அடி

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அந்தப் பழைய தொடரின் வரலாற்றைத் தொலைக்காட்சியில் காட்டப்போகிறார்களாம். எனக்கு அதைச் சொன்னவள் அபி, கிரான்பர்னில் இருக்கும் என் சிநேகிதியின் மகள். நான் முன்பு சிட்னியில் பார்த்த வேலையைத்தான் அவள் இப்போது மெல்பேர்னில் பார்க்கிறாள். நடிக்க வரும் பிள்ளைகளுக்குக் காவல் நிற்கும் வேலை. ஆங்கிலத்தில் அதற்குச் சாப்பரோன் என்று கௌரவமான பெயர் உண்டு. எங்கள் வீட்டில் இவர், என் கணவர், வைத்த பெயர் ஆயா உத்தியோகம்.

"அன்ரி, அந்தப் படி ஸீன் இருக்கெல்லோ, சின்னப் பெட்டை படிக்கு அடிச்சு அடிச்சு அழுறது. அவளின்ர நாய் செத்துப்போச்செண்டு பொய் சொல்லித்தான் அழ வைச்சவையாம். எங்கட செட்டில எல்லாரும் அப்பிடித்தான் கதைக்கினம். மெய்யே?"

"அவளிட்ட நாயே இருக்கேல்லை" என்றேன்.

"அப்ப என்ன சொல்லி அழ வைச்சவை?"

"உது போனில சொல்லுற கதை இல்லை."

"எழுதித் தாங்கோ அன்ரி. இன்னொண்டு, அந்த அப்பாவா நடிக்கிறவர் முதல் எல்லாம் கதிரை மேசைக்கு அடிப்பார், பிறகு அதை விட்டிட்டார். ஏன் விட்டவர் எண்டும் எழுதுங்கோ. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டையும் வந்து கதைக்கப் போறாவாம், இப்ப பெரிய ஆள்."

அந்தக் கடைசி வசனத்தோடு எனக்குப் பதகளிப்புத் தொடங்கிவிட்டது. அந்தப் பெட்டை, அலிசன், வாய் திறந்து பேசப்போகிறாள். அன்று படியில் வைத்து அவளுக்குச் சொன்ன பொய்யை அவள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாளா என்பதுதான் இத்தனை வருடமும் என் பயம். அவளிடமே கேட்டிருக்கலாம். கேட்கப் போய், மறந்ததை நானே கிளறிவிடுவேனோ என்று பயந்து கேட்காமலே விட்டேன். எனக்குப் பயம் கூடவே பிறந்தது, அதை மறைத்துப் பிரயோசனம் இல்லை.

பார்க்காதவர்களுக்காகத் தொடரைப் பற்றி இரண்டு சொல். சிட்னியின் புறநகர் ஒன்றில் சிவப்புச் செங்கல் வீடு. முன்னால் புல், பின்னால் சுற்றுகிற துணிக்கொடி. அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். கிழமைக்கு ஒரு சின்னக் கஷ்டம் வரும்: நூலகப் புத்தகம் தொலையும், பக்கத்து வீட்டு யன்னல் உடையும், ஆட ஆரம்பித்த பல் விழமாட்டேன் என்று நிற்கும். அரை மணி நேரத்தில் எல்லாம் சரிவந்துவிடும். எழுபதுகளில் இந்த நாட்டில் பிள்ளையாக இருந்த எவரைக் கேட்டாலும் அந்த வீட்டில் தாங்களும் வளர்ந்த மாதிரித்தான் கதைப்பார்கள். அந்த வீடு ஒட்டுப்பலகையில் செய்தது. அதன் மாடிப்படியில் ஏறிப் போனால் மேலே அறை இல்லை. ஒரு பலகைத் தட்டும், பின்பக்கமாக இறங்க ஓர் ஏணியும் இருக்கும். கடைக்குட்டியாக நடித்த அலிசனுக்கு ஐந்து வயது. ஒவ்வொரு முறையும் அவளை அந்த ஏணியால் இறக்கி எடுத்தவள் நான். ஆட்களின் பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன், அவளுடையதையும்.

நான் யாழ்ப்பாணத்தில் சின்ன வகுப்பு ரீச்சர். இங்கு வந்து இறங்கியபோது என் சான்றிதழை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இவர் அங்கே படம் வரைகிற உத்தியோகத்தில் இருந்தவர், இங்கே தகரம் வெட்டும் தொழிற்சாலையில் மெசினுக்கு முன்னால் நின்றார். அப்போது வென்ட்வேர்த்வில்லில் தமிழ்க் கடையும் இல்லை, தமிழில் ஒருவரோடு கதைத்து மனம் ஆற இடமும் இல்லை. எங்கள் தங்கும் அனுமதி வேறு இழுபட்டுக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகளோடு பழகியவர் தேவை என்ற விளம்பரத்தைப் பத்திரிகையில் கண்டு போனேன். நேர்முகம் கண்டவர் மிசஸ் பிரைஸ், பிள்ளைக் காவலுக்கெல்லாம் தலைவி. என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "உங்களால் நிலத்தில் இருக்க முடியுமா?"

நான் சேலையோடு அப்படியே சம்மணமிட்டு இருந்து காட்டினேன். கதிரையில் இருக்கிறவர்களைச் சின்னப் பிள்ளைகள் நம்புவதில்லை என்று சொல்லி வேலையைத் தந்தார். அவர்கள் எல்லாரும் பேசியது ஆங்கிலம்தான், எனக்கு ஞாபகத்தில் நிற்பது தமிழில்.

மிசஸ் பிரைஸைப் பற்றிச் சொல்லாமல் இந்த வேலையைப் பற்றிச் சொல்ல ஏலாது. மெலிந்த, உயர்ந்த மனுசி. சத்தம் போட்டுக் கதைத்ததை நான் ஒருநாளும் கேட்கவில்லை. முட்டை அவிக்க நேரம் குறிக்கிற சின்ன மணிக்கூடு ஒன்றைச் சப்பாத்து நாடாவில் கோர்த்துக் கழுத்தில் போட்டிருப்பார். பிள்ளை விளக்குக்குக் கீழே போனதும் அதைத் திருகுவார். அது கிணுகிணுத்தால், நடிகர் வசனத்தின் பாதியில் நின்றாலும் சரி, நடந்து போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். யாருக்கும் விளக்கம் சொல்லமாட்டார். பிள்ளைக்கு ஈரத்துவாய் கொடுத்து, தண்ணீர் பருக்கி, நிழலில் இருத்திய பிறகுதான் மற்றவர்களை நிமிர்ந்து பார்ப்பார். காட்சிக்காக மேசையில் வைத்திருக்கும் சாப்பாட்டைப் பிள்ளை தொடக்கூடாது, ஏனென்றால் இறைச்சி மினுங்க வார்னிஷ் அடித்திருக்கும். பிள்ளையை விட்டு எங்காவது போவதென்றால் போகிற இடத்தைப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் வைத்திருந்தார்: "நீங்கள் பிள்ளையின் கண்ணில் பட வேண்டும், கமராவின் கண்ணில் படக்கூடாது."

சொல்ல இலகுவாக இருக்கிறது. மூன்று கமரா, மூன்றும் அசைந்துகொண்டே இருக்கும். நிலம் முழுக்கக் கேபிள். கறுப்புப் பாவாடை, கறுப்புக் கார்டிகன் போட்டுக்கொண்டு, கமராவின் வாய்க்குக் கீழே குனிந்து குனிந்து ஓடப் பழகினேன். காலையில் நான் வெளிக்கிட்டு நிற்பதைப் பார்த்து இவர், "களவெடுக்கப் போற ஆள் மாதிரி இருக்கிறீர்" என்பார். இடுப்பும் நாரியும் விட்டுப்போகும். ஆனாலும் அலிசன் எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே நான் நிற்பேன். அவள் வசனம் சொல்லி முடித்து ஓரக்கண்ணால் தேடுவாள், நான் தலையாட்டுவேன், பிறகு அடுத்ததைச் சொல்லுவாள்.

பார்வையாளரை வைத்துப் படம் பிடித்த ஒரு நாள்தான் அந்த விபரீதம் நடந்தது. நீள இருக்கை வாங்குகளில் சனம் நிறைந்திருக்கிறது. அலிசன் படியால் ஓடி இறங்கி வர வேண்டும். கடைசிக்கு முதல் படியில் கால் தடக்கி, முழங்கால் அடிபட விழுந்தாள். ஒரு கணம் சத்தம் இல்லை. பிள்ளை அழுவதற்கு மூச்சை இழுக்கிற நேரம் அது, தெரிந்தவர்களுக்குத் தெரியும். என் கால் என்னைக் கேட்கவில்லை. எந்தக் கமரா எங்கே நிற்கிறது என்று பாராமல் நேரே ஓடிப்போய் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். மற்றக் கையால் படிக்கு நாலு போட்டேன்.

"ஆர் என்ர பிள்ளைய விழுத்தினது? நீயோ? இந்தா வாங்கு. இனிச் செய்வியோ?"

எங்கள் வீடுகளில் பிள்ளை விழுந்தால் நிலத்துக்கு அடிப்பது மூச்சு விடுவது மாதிரி. அதை யோசித்துச் செய்கிறவர் உண்டா? பிள்ளை விழுந்தது பிள்ளையின் பிழை இல்லை என்று சொல்லும் முறை அது. ஆனால் அந்த மண்டபத்தில் ஒருவரும் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. கறுப்புடுப்புப் போட்ட ஒரு மனுசி எங்கிருந்தோ பாய்ந்து வந்து, விளங்காத பாசையில் மாடிப்படியைப் பேசி அடிக்கிறாள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அழத் திறந்த வாயை அலிசன் மூடினாள். என்னைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள், குனிந்து தானும் ஒன்று போட்டாள்.

ஒலிபெருக்கியில் இயக்குநர் கோர்டனின் குரல் வந்தது. "என் படத்துக்குள் அந்தப் பெண்ணுக்கு என்ன வேலை?"

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். நடைபாதையில் மிசஸ் பிரைஸ் என்னை நிறுத்தி, படியை ஏன் அடித்தேன் என்று கேட்டார். விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் மணிக்கூட்டைத் திருகிக்கொண்டு நின்றார்.

"படி திருப்பி அடிக்காது, அது ஒரு வசதிதான். ஆனால் அடுத்த முறை கமராவை நிறுத்திய பிறகு அடியுங்கள்" என்றார்.

வேலை போகவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று நடந்தது. அடுத்த கிழமைக் கதையில், மகன் குளிர்பெட்டிக் கதவில் தலையை இடித்துக்கொள்ள, அப்பாவாக நடித்தவர் குளிர்பெட்டிக்கு அறைந்து அதைப் பேசினார். சனம் கொல்லென்று சிரித்தது. பிறகு கிழமை தவறாமல் அந்த மனிதர் எதையாவது அடித்தார். கதிரை, தபால்பெட்டி, காரின் கதவு. ஊரெல்லாம் பரவிவிட்டது. ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேசனில் ஒரு வெள்ளைக்காரத் தகப்பன் தன் பிள்ளைக்காக வாங்குக்கு அடித்துக்கொண்டு நின்றதை என் கண்ணால் கண்டேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது இவர், "எங்கட ஊர்த் தொற்று வருத்தத்தை இஞ்சையும் பரப்பிப்போட்டீர்" என்றார். எனக்கும் உள்ளூரப் புளுகுதான், பெருமையை மறைப்பானேன்.

பிறகு கலர் வந்தது. விளக்குகளைக் கூட்டினார்கள், ஸ்டூடியோ அடுப்படியாகக் கொதித்தது. கோர்டனின் அவசரமும் கூடியது. அவர் கெட்ட மனிதர் இல்லை. பிள்ளைகளோடு நிலத்தில் உருண்டு விளையாடுவார், பிறந்தநாளை மறக்கமாட்டார். ஆனால் தனக்கு வேண்டிய படம் ஒன்று மனதில் விழுந்துவிட்டால் பக்கத்தில் நிற்கிறது மனிசரா மரமா என்று அவருக்குத் தெரியாது. அந்த வருடம் ஒரு கதை எழுதினார்கள். குடும்பம் வீடு மாறப்போகிறது. சாமான் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. கடைக்குட்டி மட்டும் படியில் தனியே இருந்து அழுகிறாள். வசனம் இல்லை.

அலிசனுக்கு அழ வரவில்லை. கண்ணைக் கசக்குவாள், உதட்டைப் பிதுக்குவாள், பிறகு என்னைப் பார்த்துக் களுக்கென்று சிரித்துவிடுவாள். அந்த வயதுப் பிள்ளை சும்மா இருக்கும்போது எப்படி அழும்? வெங்காயம் கொண்டுவரலாமா, கண்ணுக்குக் கீழே எரிகிற மென்தோல் தைலம் பூசலாமா என்று கோர்டன் கேட்டார்.

"கண்ணுக்குள் ஒன்றும் போகாது. காதுக்குள் பொய்யும் போகாது" என்றார் மிசஸ் பிரைஸ். அதோடு பேச்சு முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

அன்று பார்வையாளர் இல்லை. அந்தக் காட்சியைத் தனியே எடுக்க வைத்திருந்தார்கள். மிசஸ் பிரைஸ் மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் படிப்பறையில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அலிசன் மேக்கப் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள், நான் பக்கத்தில். அப்போது கெவின் வந்தான். இயக்குநர் மேலே கண்ணாடி அறையில் இருந்து சொல்வதைக் காதில் மாட்டிய கருவியில் கேட்டு, கீழே எங்களுக்குச் சொல்பவன் அவன்.

"மிசஸ் நாதன், ஆபீசில் உங்களுக்குப் போன். உங்கள் கணவரின் தொழிற்சாலையில் இருந்து."

அதற்கு முதல் கிழமைதான் இவரோடு வேலைசெய்த ஒருவருக்கு மெசினில் விரல் போனது. ஆனாலும் சட்டத்தை மறக்கவில்லை. அலிசனின் கையைத் தொட்டு, "போனுக்குப் போய்ட்டு வாறன்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னேன். என் வாயில் வெறும் 'போறன்' வராது. அலிசனுக்கு அது பழகிவிட்டது. யாராவது வரும் பேச்சை விட்டு 'போகிறேன்' என்று மட்டும் சொன்னால், வருவீர்களா என்று மறித்துக் கேட்பாள். அன்றும் கண்ணைத் திறக்காமலே, "போய் வாங்கோ" என்று தன் கோணல் தமிழில் சொன்னாள்.

நடைபாதையால் ஓடி மாடி ஏறினேன். இவருடைய கையை நினைத்தேன், ஊரில் மாமிக்கு என்னவென்று எழுதுவது என்று நினைத்தேன். ஆபீசில் போன் கழற்றி மேசையில் வைத்திருந்தது. எடுத்துக் காதில் வைத்தால் வெறும் ஊ என்ற சத்தம். ஒருவரும் இல்லை. அங்கே இருந்த பெட்டையைக் கேட்டேன். அழைப்பு எதுவும் வரவில்லை, கழற்றி வைக்கச் சொன்னார்கள் என்றாள்.

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. இவருக்கு ஒன்றும் இல்லை என்று முருகனுக்கு நன்றி சொன்னேன். அதற்குப் பிறகுதான், அப்படியென்றால் என்னை ஏன் வெளியே எடுத்தார்கள் என்று உறைத்தது.

ஆபீசுக்குப் பக்கத்தில்தான் கோர்டன் இருக்கும் கண்ணாடி அறை. கதவு கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே வரிசையாகத் திரைகள், எல்லாவற்றிலும் அலிசன். மூன்றாம் படியில் இருந்தாள். தலையை அங்கும் இங்கும் திருப்பித் தேடினாள். கோர்டன் ஒலிவாங்கியில், "இப்போது சொல்லு கெவின்" என்றார்.

ஒலிபெருக்கியில் கெவினின் குரல் கேட்டது. "அலிசன், மிசஸ் நாதன் போய்விட்டார்."

"போனுக்குத்தான் போனவ. வருவேன் என்று சொன்னவ."

"இல்லை. இனி வரமாட்டார்." அவன் குரல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு பேசுகிறவனுடைய குரல். கோர்டன் மெல்ல, "காரணத்தையும் சொல்லு" என்றார். கெவின் சொன்னான்: "நீ சிரித்தாய் அல்லவா. அதனால் அவரை அனுப்பிவிட்டார்கள்."

அபி, அதுதான் அந்தப் பொய். நாயும் இல்லை, பூனையும் இல்லை.

அலிசன் அழவில்லை. பிறகு திரும்பி, தான் இருந்த படிக்கு ஒரு அடி போட்டாள். இன்னொன்று போட்டாள். என்னைக் கொண்டுபோனது படி என்று நினைத்தாளோ, தன் பிழை இல்லை என்று தனக்கே சொல்லிப் பார்த்தாளோ, எனக்கு இன்றுவரை தெரியாது. உள்ளங்கையை விரித்து ஓங்கி ஓங்கி அடித்தாள். ஒட்டுப்பலகைப் படி பெட்டியைத் தட்டுவது போல அதிர்ந்தது. அடிக்க அடிக்கத்தான் அழுகை வந்தது. கோர்டன் கதிரையில் இருந்து எழும்பி, "நெருங்கிப் போ, கையைக் காட்டு" என்று கமராக்காரனுக்குச் சொன்னார். கலர்த் திரையில் அந்தச் சின்ன உள்ளங்கை செக்கச்செவேலென்று தெரிந்தது.

அந்தப் பழக்கத்தைப் பிள்ளைக்குப் பழக்கியவள் நான் அல்லவா.

கீழே ஓடி வந்தேன். ஸ்டூடியோக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது எரிந்தால் அந்தக் கதவைத் திறக்கக் கூடாது. நெருப்புப் பிடித்தாலும் விளக்கு அணைந்த பிறகுதான் ஓட வேண்டும் என்று எங்களுக்குள் பகிடியாகச் சொல்வோம். கதவின் பிடியில் கை வைத்தபோது எனக்கு இவரின் குரல் கேட்டது. காலமை வெளிக்கிடும்போதெல்லாம் சொல்லுவார், "ஒருத்தரோடையும் கொழுவ வேண்டாம். அனுமதி வரும் மட்டும் குனிஞ்ச தலை நிமிராமல் இரும்." திறந்தேன்.

ஒன்றைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிவப்பு விளக்கை மீறிப் போகிறேன், வேலை போகப்போகிறது, ஆனாலும் பழக்க தோஷத்தில் கமராவுக்குக் கீழே குனிந்துதான் ஓடினேன். கெவின் என்னைக் கண்டும் மறிக்கவில்லை. படியின் பக்கவாட்டில் முழங்காலில் விழுந்தேன். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கையை ஓங்கினாள். நான் என் கையை விரித்துப் படியில் வைத்தேன். அந்த அடி என் கையில் விழுந்தது.

மேலே கோர்டன் என் கையைத் திரையில் கண்ட உடனே படத்தை இருட்டாக்கச் சொல்லிவிட்டார். சத்தத்துக்குப் பொறுப்பானவர் ஒரு கணம் பிந்திவிட்டார். அதனால்தான் தொடரில் திரை இருண்ட பிறகு கடைசியாக ஓர் அடி கேட்கிறது. அதை இயக்குநரின் பெரிய கலைத்திறன் என்று பிறகு பத்திரிகைகளில் எழுதினார்கள். கவனமாகக் கேளுங்கள், அது மரத்தில் விழுந்த அடி இல்லை.

மிசஸ் பிரைஸை யாரோ கூட்டிக்கொண்டு வந்தார்கள். அலிசன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விக்கிக்கொண்டிருந்தாள். "போனுக்குத்தான் போனனான் பிள்ளை, வந்திட்டன், ஒருத்தரும் என்னை அனுப்பேல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. கோர்டன் கீழே இறங்கி வந்தார்.

"சிவப்பு விளக்கில் உள்ளே வந்தாள். என் படத்துக்குள் இரண்டாவது முறை" என்றார்.

மிசஸ் பிரைஸ் கெவினைப் பார்த்து, "படம் ஓடியபோது பிள்ளைக்கு மிசஸ் நாதன் தெரிந்தாரா?" என்று கேட்டார்.

"இல்லை."

"ஏன்?"

கெவின் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினான். போனைக் கழற்றி வைத்ததில் இருந்து எல்லாவற்றையும் சொன்னான், தான் சொன்ன வசனம் உட்பட. மிசஸ் பிரைஸ் அலிசனின் கையை மெல்ல விரித்து, கோர்டனின் முகத்துக்கு நேரே பிடித்தார். கோர்டன் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம் பார்த்தார். மிசஸ் பிரைஸ் கழுத்து மணிக்கூட்டைப் பூச்சியத்துக்குத் திருகினார். அது கிணுகிணுத்தது.

"இன்று வேலை முடிந்தது" என்றார்.

"எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது" என்றார் கோர்டன். அது உண்மைதான். அந்தக் காட்சியைத்தான் இன்றும் போடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தவள் எழும்பவில்லை. இவர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

"வேலை போச்சோ?"

"தெரியேல்லை. நீங்கள் கொழுவ வேண்டாம் எண்டனீங்கள்."

இவர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அதில் என்ன இருக்கப்போகிறது, பிள்ளையின் அடிதானே. "ஓம், சொன்னனான்தான்" என்றார்.

அடுத்த சில நாட்கள் போன் அடிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் மிசஸ் பிரைஸ் அழைத்தார். "வழமையான நேரத்துக்கு வாருங்கள். மெத்தையான சப்பாத்துப் போடுங்கள், அன்று உங்கள் காலடி ஒலிப்பதிவில் கேட்கிறது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். நான் போனபோது கண்ணாடி அறைக் கதவில் புது அறிவித்தல் ஒட்டியிருந்தது. காவல் நிற்பவர் பிள்ளையின் பார்வையில் நிற்காமல் சிவப்பு விளக்கு எரியக்கூடாது. கீழே கோர்டனின் கையெழுத்தும் இருந்தது. மிசஸ் பிரைஸ் அதை எப்படி வாங்கினார் என்று நான் கேட்கவில்லை.

அபியின் மற்றக் கேள்விக்கும் பதில் இதுதான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு முதல் ஒத்திகையில் அப்பாவாக நடித்தவர் வழமை போல் கதிரைக்கு அடிக்கக் கையை ஓங்கினார். அலிசன் ஓடிப்போய் அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை, விடவும் இல்லை. திரும்பச் செய்தார்கள், திரும்பப் பிடித்தாள். அந்த மனிதருக்கு விளங்கிவிட்டது. இனி இது வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். ஏன் நிறுத்தினார்கள் என்று சனம் கடிதம் எழுதியது, நகைச்சுவை பழசாகிவிட்டது என்று பதில் போட்டார்கள்.

அதற்குப் பிறகு அலிசன் என்னைத் தேடுகிற தேடல் வேறுவிதமாக மாறியது. முன்பெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தவள், பிறகு நான் நிற்கிறேனா என்று உறுதிப்படுத்தாமல் வாயே திறக்கமாட்டாள். தண்ணீர் எடுக்கத் திரும்பினால் முகம் மாறும். தொடர் முடிந்து, குடும்பத்தோடு வேறு மாநிலத்துக்குப் போன அன்று, காரில் ஏறும் முன், "நான் சிரித்ததற்கு மன்னிப்பு" என்று என் காதுக்குள் சொன்னாள். பதில் சொல்ல முதல் கார் போய்விட்டது.

பிறகு நான் மிசஸ் பிரைஸின் இடத்துக்கு வந்து, அதே மாதிரி மணிக்கூடு ஒன்றைக் கழுத்தில் போட்டு, எத்தனையோ பிள்ளைகளுக்குக் காவல் நின்று ஓய்வு பெற்றேன். இப்போது கண்ணீரைக் கம்ப்யூட்டரிலேயே வரைந்துவிடலாமாம், அபி சொல்லுகிறாள். நல்ல விசயம். ஆனால் காருக்குப் பக்கத்தில் கேட்ட அந்த வசனம் என்னை விடவில்லை. ஒரு பிள்ளை தன் சிரிப்பால் ஒருத்தியின் வேலை போனது என்று நம்பி வளர்ந்திருந்தால், அது எப்படிச் சிரித்திருக்கும்?

இவ்வளவையும் எழுதி வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

பார்த்துவிட்டேன். மிச்சத்தையும் எழுதுகிறேன்.

அலிசனுக்குத் தலை நரைத்திருக்கிறது. கண்ணாடி போட்டிருக்கிறாள். எடுத்த உடனே ஏதோ சொல்லி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தக் களுக் சிரிப்பு அப்படியே இருந்தது, எனக்குப் பாதி உயிர் வந்தது. பிறகு படிக் காட்சியைப் போட்டார்கள். திரை இருண்டு, கடைசி அடி கேட்டது. பேட்டி எடுத்தவர், "உங்கள் நாய் இறந்துவிட்டதாகச் சொன்னார்களாமே?" என்று கேட்டார். நான் கதிரையின் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"எங்களிடம் நாயே இருக்கவில்லை" என்றாள் அலிசன். "ஏதோ சொன்னார்கள். என்ன சொன்னார்கள் என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. படியை அடித்துக்கொண்டே இருந்தேன், கை நொந்தது. பிறகு படி மெத்தென்று ஆகிவிட்டது. சூடாகவும் இருந்தது."

பேட்டி எடுத்தவர் சிரித்தார். "பலகைப் படியா?"

"நீங்கள் சிரிக்கலாம்" என்றாள். "ஆனால் அது மெத்தென்றுதான் இருந்தது."

எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கவும் தோன்றவில்லை. திரையைப் பார்த்து, "அது நான்தான் பிள்ளை" என்றேன்.

குசினிக்குள் இருந்து இவர் குரல் கொடுத்தார். "ஆரோட கதைக்கிறீர்?"

"அலிசனோட" என்றேன்.